ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்

படம் ஆறு நிமிடம் நாற்பது நொடி.
இப்போது அதைப் பற்றி எழுதித் தர வேண்டுமாம்
பேராசிரியை ஓஸ்டர்கார்டுக்கு:
என்ன கற்றாய், எங்கே மாறினாய்,
ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்.

துலூத் நகரத்தில் பிப்ரவரி.
ஏரி பாதி உறைந்துவிட்டது,
மீதிப் பாதி யோசித்துக்கொண்டிருந்தது.
கப்பல்கள் இல்லாததால்
தூக்குப் பாலத்துக்கும் வேலை இல்லை.
தூ வாங் கேமராவைப் பிடித்தான்,
கையுறையின் விரல் நுனிகளைக் கத்தரித்துவிட்டு.
ரொவீனா மைக் கம்பை ஏந்தினாள்.
என் வேலை கேள்வி. ஒரே கேள்வி.
நீங்கள் பெண்ணியவாதியா?

உணவக வரிசையில் ஒருத்தி
தட்டைக் கீழே வைக்காமலே சொன்னாள்:
ஐயோ, அப்படியெல்லாம் இல்லை.
ஹாக்கிப் பயிற்சியாளர் பதில் சொல்லவில்லை,
போனில் வெகுநேரம் தேடித்
தன் மகள்களின் படத்தைக் காட்டினார்.
நூலகக் கதவைத் திறந்து பிடித்தபடி ஒருவன்,
இதற்குக்கூடச் சண்டைக்கு வருவார்களே
அவர்கள்தானே, என்றான்.
அந்தக் கதவு வழியாகத்தான்
நாங்கள் மூவரும் உள்ளே போனோம்.
குளிர் அப்படி.

பிறகு டார்லா கோஸ்கி,
கப்பல் பழுதுபார்க்கும் துறையில் வெல்டர்.
இரும்பு முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னாள்:
"அதெல்லாம் நான் இல்லை கண்ணு.
பக்கத்தில் நிற்கிறவனுக்கு என்ன கூலியோ
அதை எனக்கும் கேட்டேன்.
இரண்டு தரம் வாயால்.
மூன்றாம் தரம் வக்கீலால்.
அது கணக்கு. வேறொன்றுமில்லை."

வகுப்பு இந்த இடத்தில் கைதட்டியது.

மற்ற குழுக்களைப் பற்றியும் எழுத வேண்டுமாம்.
ஒரு படத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை பியானோ.
ஒன்றில் பொம்மையின் தலைமுடியை
மிக மெதுவாக வெட்டினார்கள்; எனக்குப் புரியவில்லை,
ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.
எங்களை ஏன் கெட்டவர்களாகக் காட்டுகிறீர்கள்
என்று கேட்டான் கார்சன்.
யாரும் அவனைக் காட்டியிருக்கவில்லை.

எடிட்டிங் என் பொறுப்பு.
நூலக நிலவறை, ஹெட்ஃபோன்,
உறையிலேயே ஆறிப்போன பர்கர்.
பேசியவர்கள் பத்தொன்பது பேர்.
"இல்லை, ஆனால்" என்றவர்கள் பதினாலு.
முதலில் அந்த "இல்லை"களை மட்டும் எண்ணினேன்.
இரவு இரண்டு மணிக்கு மேல்தான்
"ஆனால்" காதில் விழத் தொடங்கியது.
ஆனால் சம்பளம். ஆனால் என் தங்கை.
ஆனால் அந்தக் காவல் நிலையத்தில்
மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள்.
"இல்லை"யை வாசலில் செருப்பாகக் கழற்றிவிட்டு
எல்லோரும் உள்ளே வந்துதான் பேசியிருக்கிறார்கள்.

வேறொரு சத்தமும் இருந்தது.
ஒவ்வொரு "இல்லை"க்குப் பின்னும்
மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு.
வழியில் போகிற யாரோ என்று நினைத்தேன்.
ஆனால் உணவகத்திலும் அவள், மைதானத்திலும் அவள்,
வெல்டிங் பொறிக்கு அருகிலும் அவளே.
ஒலியைக் கூட்டினேன்.

நான்.

பயப்படாதீர்கள், நானும் அப்படி ஒன்றும் இல்லை
என்று சொல்லாமல் சொல்கிற சிரிப்பு.
என் அக்கா வீட்டு விருந்தில், வேலைக்கான நேர்காணலில்,
எங்கே கற்றேனென்று தெரியாமலே
கைவசம் வைத்திருப்பது.
டார்லாவிடமும் சிரித்திருக்கிறேன்.
அவள் சிரிக்கவில்லை.
மூன்று நொடி என்னையே பார்க்கிறாள்,
பிறகு முகமூடியை இறக்கிக்கொள்கிறாள்.
எடுக்கும்போது அதை
வேலை அவசரம் என்று நினைத்திருந்தேன்.

பதினாலையும் வெட்டினேன்.
அந்த மூன்று நொடியையும்.
தொண்ணூற்றொரு மதிப்பெண்.
ஓரத்தில் பேராசிரியையின் பச்சை மை:
ஒலி வெகு சுத்தம்.

வெட்டியதை எல்லாம் என்ன செய்தாய்
என்று வாகன நிறுத்தத்தில் கேட்டாள் ரொவீனா.
கம்பு பிடித்தவளுக்குத் தெரியாதா,
முதல் நாளிலிருந்தே அவள் காதில் கேட்டிருக்கும்.
ஏன் சொல்லவில்லை என்றேன்.
"நானும் சிரித்தேன் மாரித்," என்றாள்,
"மைக்குக்குப் பின்னால் நின்றதால் பதியவில்லை."

ஐயா, அம்மா, யார் இதைத் திருத்துகிறீர்களோ,
சொற்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன.
அந்தச் சிரிப்பை எழுத்தில் எப்படிப் போடுவதென்று
மாலை முழுக்கப் பார்த்தேன்.
ஹ் என்று போட்டேன், இருமல் மாதிரி இருக்கிறது.
அதனால் ஒரு கோப்பை இணைத்திருக்கிறேன்.
எல்லாம் சேர்த்துப் பதினோரு நொடி,
கடைசியில் டார்லாவின் மூன்று.
அதில் சத்தம் எதுவும் இல்லை.
கோளாறு என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.