வினா எண் நான்கு

விடைக்குறிப்பில் ஐந்தே சொற்கள்:
காற்று, வெளிச்சம், தண்ணீர், சுத்தம், சத்தமின்மை.
சொல்லுக்கு இரண்டு, மொத்தம் பத்து.
ஞாயிற்றுக்கிழமை, தண்டையார்பேட்டை, மூன்றாம் மாடி.
மாடல் தேர்வுத் தாள் இன்னும் முப்பத்தொன்று.

எல்லோரும் ஒரே கைடைப் படித்தவர்கள்.
சூழலைச் சீராக்கினால் போதும்,
இயற்கை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.
அடிக்கோடு, டிக், அடுத்த தாள்.

இந்தத் தாளில் மட்டும்
காற்றே மூன்று பக்கம் போகிறது.

பெண்கள் வார்டு, பதினாலாம் படுக்கை.
தேசம்மாள், எர்ணாவூர், மூச்சிரைப்பு.
போனதும் ஜன்னலைத் திறந்தேன்,
பாடத்தில் முதல் வரி அதுதானே.
இருமலுக்கு நடுவில் சொன்னார்:
"மூடு கண்ணு, அது மணலிக் காத்து."
மூடினேன்.
மூடியதைக் கோட்பாட்டில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது
தெரியவில்லை மேடம்.

விடைத்தாளில் மேடம் என்றெல்லாம் எழுதக்கூடாது.
சுழித்தேன்.

மறுநாள் அவரே சொன்னார்:
"கச்சான் அடிச்சா தொறக்காத.
மத்தியானம் கொண்டல் ஏறும்,
சாப்பாட்டு வண்டி போனதும் பாரு, அப்பத் தொற."
கட்டுமரக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்.
ஒன்றே முக்காலுக்குத் திறந்தேன்.
நாலரைக்குப் பார்த்தால்
தொண்ணூற்றொன்றில் இருந்த ஆக்சிஜன் தொண்ணூற்றுநான்கு.
ஜன்னலாலா நெபுலைசராலா,
என்னால் சொல்ல முடியாது.
சார்ட்டில் காற்றின் திசைக்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டேன்.
வார்டு சிஸ்டர் கேட்டார், என்ன இது கிறுக்கல்.

அப்புறம் அவசரம். கையெழுத்து சாய்கிறது.
வெளிச்சத்துக்கு ஒரு வரி, தண்ணீருக்கு அரை வரி.
சுத்தம் காணோம்.
சத்தமின்மை தொடங்குமுன் மணி அடித்திருக்கும்.

குறிப்பின்படி மூன்று. தாராளமாகப் போட்டால் மூன்றரை.

பதினோரு வருஷமாக இதைத்தான் நடத்துகிறேன்.
காற்று என்று போர்டில் எழுதி
எந்தக் காற்று என்று ஒருநாளும் எழுதியதில்லை.
என் வீட்டு மேற்கு ஜன்னல்
சின்னவனுக்கு வீசிங் வந்த வருஷம் மூடியது.
தாழ்ப்பாளைத் தொட்டால் விரலில் மை போல ஒட்டும்.
கிழக்கேயும் ஒன்று இருக்கிறது.
அதன் முன்னால்தான்
கல்யாணத்துக்கு வந்த பீரோ.

தாளைத் தனியே எடுத்து வைத்தேன், கட்டம் காலியாக.
பீரோவின் ஒரு மூலையைப் பிடித்து அசைத்துப் பார்க்கிறேன்.
தனியாளால் ஆகாது.
கீழ்வீட்டு மெஹராஜைக் கூப்பிட வேண்டும்,
மணி இப்போதே ஒன்றரை.