கேஜ் முள்

புதுவயலில் இருபத்தாறு வருஷம்
பாய்லருக்கு முன்னால் நின்றவன் நான்.
உமி தின்று உமி தின்று அது மூச்சுவிடும்,
நான் முள்ளைப் பார்ப்பேன்.
மணிக்கு ஒருதரம் நோட்டில் எழுதுவேன்:
அழுத்தம் ஏழு. அழுத்தம் ஏழரை.
எட்டைத் தொட்டால்
கை தானாகப் போகும் வால்வுக்கு.

என் நெஞ்சுக்கு ஒரு கேஜ் வைக்க
எனக்கே தோன்றவில்லை.

மாடிப்படி இழுத்தது. உமித்தூசி என்றேன்.
படுத்தால் இருமல். பனி என்றேன்.
சாயங்காலம் செருப்பைக் கழற்றினால்
வார் இருந்த இடத்தில் ஒரு வாய்க்கால்.
பஞ்சவர்ணம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.
விழுந்த குழி
எழ மறந்து அப்படியே கிடந்தது.
"நின்னு வேல பாக்குறவன் காலு
பின்ன எப்புடி இருக்கும்?"
என்று அவள் வாயை அடைத்தேன்.

தை மாதம், இரண்டாம் ஷிப்ட்.
அவிந்த நெல்லின் ஆவி கொட்டகையை மூடிய நேரம்
மார்புக்குள் யாரோ ஒரு மூட்டையின் தையலைப்
பிரித்துவிட்டார்கள்.
சிமெண்டுத் தரையில் நெல் சிதறும் சத்தம்.
அதைத் துடிப்பு என்று சொல்ல மாட்டேன்.

காரைக்குடியில் ஒரு குளிர்ந்த இருட்டறை.
எக்கோ எடுக்கிற பெண் பெயர் மெர்லின்.
"இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்கய்யா,
மூச்சப் புடிங்க... விடுங்க."
திரையில் என் இதயம்
உமிச்சாம்பல் நிறத்தில்.

கீழறை வேலை செய்தது,
கூலி பாக்கி நிற்கிற ஆள் மூட்டை தூக்குவதுபோல.
மேலறை அதுவும் இல்லை.
கொதி வருமுன் தண்ணீரின் மேல்தோல் மட்டும்
நடுங்குமே, அது.

"நாலு புள்ளி ஒம்பது" என்றாள் மெர்லின்.
இருக்க வேண்டியது?
"நாலுக்குள்ள."

டாக்டர் உமையாள் தாளில் நாலு கட்டம் வரைந்தார்.
துடிப்பு கெட்டதால்தான் மூச்சு முட்டுகிறது என்று
நான் நினைத்திருந்தேன்.
"உங்களுக்கு வரிசை தலைகீழ்.
மொதல்ல களைச்சது கீழறை, ரெண்டு வருஷமா."
பேனா மேல் கட்டத்துக்கு ஏறுமுன்
எனக்குப் புரிந்துவிட்டது.
போக்கு மந்தமானால்
அழுத்தம் பின்னால் ஏறும்.
எந்தப் பாய்லர்காரனும் தூக்கத்தில் சொல்வான்.

இறங்க வழியில்லாத ரத்தம் மேலறையில் தேங்க,
சுவர் விரிந்தது.
இரும்பென்றால் வெடித்திருக்கும்;
சதை, அதனால் பொறுத்தது.
பொறுத்த இடமெல்லாம் தழும்பு.
தழும்பில் மின்சாரம் போகாது, சுற்றிப் போகும்,
சுற்றிப் போனது தன் வாலையே பிடித்து
மறுபடி சுற்றும்.
காலை ஆறுக்கு மில்லில் ஒரு சங்குதான்.
முந்நூறு பேரும் ஆளுக்கொரு சங்கு ஊதினால்
எவன் கதவைத் திறப்பான்?

"இப்ப இதுவும் சேந்து கீழறைய இன்னும் களைக்க வைக்கும்"
என்றார் டாக்டர்,
வரைந்த கட்டத்தின் மேலேயே
வட்டம் போட்டுக்கொண்டு.
பழையபடி சுருங்குமா என்றேன்.
பேனாவை மூடினார்.
"தண்ணி வடிஞ்சு அழுத்தம் எறங்கினா, கொஞ்சம்."

நீர் பிரிய ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் ஒன்று,
ஓட்டத்தை நிதானிக்க ஒன்று.
குடிக்க ஒன்றரை லிட்டர், அதற்கு மேல் இல்லை.
தேவகோட்டையிலிருந்து மச்சினன் கொடுத்தனுப்பிய உப்புக்கண்டம்
டப்பா திறக்காமலே எதிர்வீட்டுக்குப் போனது.
இரண்டு நாள் நான்
எதிர்வீட்டுப் பக்கமே பார்க்கவில்லை.

பாய்லருக்கு இப்போது வேறு ஆள்.
பாதி எழுதிய என் நோட்டை முதலாளி தந்துவிட்டார்.
'அழுத்தம்' என்ற தலைப்பை அடித்து
'எடை' என்று எழுதியிருக்கிறேன்.
தினம் காலையில், ஒன்றுக்குப் போன பிறகு,
சாப்பிடுமுன்.
அறுபத்தெட்டு. அறுபத்தேழரை.
நேற்று அறுபத்தொன்பது;
யார் வீட்டுக் கல்யாணச் சாப்பாடு என்று
பஞ்சவர்ணம் கேட்கவில்லை, பார்த்தாள்.

ராத்திரி மணிக்கட்டைப் பிடித்து அவள் எண்ணுகிறாள்.
ஒண்ணு. ரெண்டு.
விரல் நின்றது.

கடைசிக் கட்டத்தில், 'குறிப்பு' என்பதன் கீழ்
எழுதி வைத்தேன்:
மூன்றாவது வரவில்லை. காத்திருந்தோம்.
பிறகு மூன்றும் நாலும் சேர்ந்து வந்தன.