வரவேற்புச் செய்தி

மூன்றாம் முறையாக இந்தச் சுவரைப் பூசுகிறேன்.
முதலில் பச்சை. அப்புறம் ஆரஞ்சு.
இன்றைக்குக் கத்தரிப்பூ நிறம்.
நான்கு டின், இரண்டு உருளை,
நிறத்தின் எண்ணை அச்சடித்த ஒரு தாள்.
எண் பிசகினால் காசு இல்லை என்று
லுசாக்காவிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.
அவர்களுக்கும் எவரோ எங்கிருந்தோ சொல்லியிருப்பார்கள்.

கடைக்காரி சோல்வே
ரீசார்ஜ் அட்டை, உப்பு, மெழுகுவத்தி விற்கிறாள்.
"முன்பக்கம் மட்டும் பூசிவிட்டு ஓடாதே.
பின்சுவரும் கம்பெனிக்குத்தான்."
பின்சுவரை யார் பார்ப்பார்கள்?
"ஆடு பார்க்கும்.
ஆடு போன் வாங்காது என்று
எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?"

முதல் பூச்சு காயும்வரை
கரீபா ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.
அணை கட்டிய வருடம் மூழ்கிய மரங்கள்
செத்தபிறகும் உட்காராமல் நிற்கின்றன.
அந்தக் கரை வேறு தேசம்.
தண்ணீரில் கோடு கிழிக்க யாரால் முடியும்?
முடிந்தது,
இரண்டு கம்பெனிகளால்.

நிலா இல்லாத இரவுகளில்
தெப்பத்தில் விளக்கேற்றிக் கப்பெந்தா பிடிப்பவர்கள்
அந்தக் கோட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள்.
தெப்பம் தெற்கே நழுவினால் போன் ஒருமுறை துடிக்கும்:
ஜிம்பாப்வே தங்களை அன்புடன் வரவேற்கிறது,
அழைப்பு நிமிடத்துக்கு...
மிச்சத்தைப் படிக்கமாட்டார் சியாச்சிதேமா.
"வரவேற்கிறான், திருப்புடா!"
இத்தனை மலிவான காவல்காரன்
எந்த நாட்டுக்கும் வாய்த்திருக்கமாட்டான்.

பிறகு
அக்கரைக் கம்பெனியையும் இக்கரைக் கம்பெனியையும்
ஒரு பெரிய கம்பெனி வாங்கியது.
அவர்களுக்குப் பதினேழாவது நாடு, பதினெட்டாவது நாடு.
எங்கோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில்
கேக் வெட்டியிருப்பார்கள்.
எனக்குத் தெரிந்தது
ஊர் ஊராக நான் எழுதிவரும் வாசகம்தான்,
எழுத்துக்கு ஓர் ஆள் உயரம்:
ஒரே வலை. எல்லை இல்லை.

பொய் சொல்லமாட்டேன், நல்லதும் நடந்தது.
அக்கரையில் வாழ்க்கைப்பட்ட தங்கையோடு
சோல்வே இப்போது உள்ளூர்க் காசிலேயே
அரைமணி நேரம் சண்டை போடுகிறாள்,
தையல் மெஷின் யாருக்கென்று.
முன்பெல்லாம் நாலாவது நிமிடத்தில் காசு தீர்ந்துவிடும்.
அதற்குப் பெயர் சமாதானம்.

ஜூன் மாதக் குளிரில் ஒரு ராத்திரி தெப்பம் நழுவியது.
போன் துடிக்கவில்லை.
சியாச்சிதேமா எடுத்தே பார்த்தாராம்:
சிக்னல் கோடுகள் ஒன்றுவிடாமல் முழுசாக,
வீட்டுத் திண்டில் சாய்ந்திருக்கிற மாதிரி.
ரோந்துப் படகு முகத்தில் வெளிச்சம் அடித்தபிறகே
வெளிநாடு என்று தெரிந்தது.
விளக்கு போயிற்று, மோட்டார் போயிற்று,
வலையும் போயிற்று,
நூலால் முடைந்த வலை.
அபராதம் டாலரில்.

வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டவள் சோல்வே.
ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி,
பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண்.
இனிய குரல், எந்த நாடோ.
"அந்தப் பழைய வரவேற்புச் செய்தி
மறுபடியும் வேண்டும்."
"மேடம், இனி நீங்கள் எங்கே போனாலும்
எங்கள் வலைக்குள்தான் இருக்கிறீர்கள்."
"இதை அந்த ரோந்துப் படகுக்கும் சொல்லுங்களேன்."
சற்று நேரம் இரைச்சல் மட்டும்.
"வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

இரண்டாம் பூச்சும் முடிந்தது.
பின்சுவரையும் பூசிவிட்டேன்.
ஆடு ஒன்று பார்த்துவிட்டுப் போயிற்று.

பொழுது சாயும் நேரத்தில்
இரவல் படகுக்குத் துடுப்போடு வந்தார் சியாச்சிதேமா.
"பழைய ஆரஞ்சு மிச்சம் இருக்குமா?"
வண்டிக்கடியில் ஒரு டின் கிடந்தது, ஆடை படிந்து.
குச்சியால் கிழித்துக் கலக்கிக் கொடுத்தேன்.
"எதற்கு?"
ஏரிக்குள் வெகுதூரத்தில் நிற்கும்
கடைசி மரத்தைக் காட்டினார்.
அதன் இடுப்பில் ஒரு பட்டை போடவேண்டுமாம்.
விளக்கு அடித்தால் தெரியும்.

"எல்லை சரியாக அங்கேதானா?"

"யாருக்குத் தெரியும்?
போன் முன்பு அந்த இடத்தில்தான் துடிக்கும்."