குறடு

கூரை எரிந்து மூன்று ஆண்டுக்குப் பின்
எங்கள் கோயிலில் இன்று முதல் திருப்பலி.
வடக்குச் சுவரைக் கழுவ வேண்டாம் என்று முடிவு செய்தோம்.
நினிவே சமவெளியின் வெயில் சாய்ந்து விழுகிறது அதன்மேல்.
கறுப்பு, கறுப்பாகவே இருக்கிறது.

வாசகம் என்னுடையது.
திருத்தொண்டன் யல்தா, ஆட்டு வியாபாரி சோமோவின் மகன்.
அரசன் செத்த ஆண்டில் ஒரு மனிதன்
ஆலயத்துக்குள் கண்டதை நான் வாசிக்க வேண்டும்.
அரியணையைக் கண்டானாம்.
அதற்குமேல் நிமிர முடியவில்லை போலும்,
அங்கியின் தொங்கலை மட்டுமே சொல்கிறான்.
தொங்கலே கட்டடத்தை நிறைத்துவிட்டது.
கால் வைக்க இடமில்லை.

இடமில்லை.

அங்கேதான் நாக்கு நின்றது.

ஆகஸ்டு மாதம். நடு இரவில் மணி அடித்து
ஊரே கிளம்பியது.
லாரியின் பின்பலகையைத் தட்டினான் ஷாபோ,
அடுத்த வீட்டுக்காரன். தோளில் தூங்கும் மகள்.
"இடமிருக்கா?"
"இடமில்லை."
இருந்தது.
அந்த இடத்தில் ஃபிரிட்ஜ் நின்றுகொண்டிருந்தது,
நான்கு மாதத் தவணை பாக்கியுடன்.
ஹாசிர் பாலத்துச் சாவடியில் இறக்கிப் போடச் சொன்னார்கள்.
போட்டேன்.
ஷாபோ விடியும்வரை நடந்தான், விடிந்தும் நடந்தான்.

ஆறு சிறகுள்ளவை, பாவத்தின் வாசனையே அறியாதவை,
அவையே முகத்தை மூடிக்கொள்கின்றன.
ஒரு சொல்லை மூன்று தரம் கூவுகின்றன,
முதல் தரம் போதவில்லை என்பதுபோல.
கதீஷ் என்போம் எங்கள் மொழியில்.
சிறுவயதில் அதற்குத் தூரம் என்று பொருள் கொண்டேன்:
திரைக்குப் பின்னால், தொடாதே, தள்ளி நில்.
பிறகு வெள்ளை என்று:
சுண்ணாம்புச் சுவர், மடிப்புக் கலையாத என் அங்கி.
இந்தக் கரிச்சுவரின் எதிரே
இரண்டு பொருளும் வாயடைத்து நிற்கின்றன.

ஐயோ என்று அலறினானே அந்தத் தீர்க்கதரிசி,
கையைச் சொல்லவில்லை, காலைச் சொல்லவில்லை.
பேச்சே தொழிலான அவன்
உதட்டைச் சொன்னான்.

கூட்டம் காத்திருக்கிறது. யாரோ இருமுகிறார்கள்.
தூபக்கலசத்துக்குக் கங்கு கொண்டு வருகிறான் ஒருவன்,
கபாப் கடையில் வாங்கிய நீளக் குறட்டில்,
வலது காலை இழுத்து இழுத்து.
ஷாபோ.
போன இலையுதிர் காலத்தில் திரும்பி வந்தான்.
வணக்கம் சொல்வான். அந்த இரவைச் சொன்னதில்லை.

கங்கு என் முகத்தருகே நின்றது.
புகை ஏறியது.
"இடமிருந்தது, ஷாபோ" என்றேன்,
அவனுக்கு மட்டும் கேட்கிறாற்போல.
"தெரியும்" என்றான்.
"நிலா வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளை ஃபிரிட்ஜ்."
பிறகு, "வாசி."

சுட்டது.
நான் எரிந்து போகவில்லை, ஆனால் சுட்டது.
மூன்று ஆண்டாய் எனக்கு அவன் மறைத்து வைத்திருந்ததை
ஒரே சொல்லில் வைத்தான் என் வாயில்.
திருப்பலியில் நாவில் வாங்கும் அப்பத் துண்டுக்கு
எங்கள் மொழியில் தணல் என்றும் ஒரு பெயர்.
அழகுக்குச் சொல்வது என்று நினைத்திருந்தேன்.
தூயவர் தூரத்தில் இல்லை.
அவர் நெருங்குவதுதான் பயம்.
அதுவும் யார் கையில் நெருங்குவார் என்று தெரியாத பயம்.

வாசித்தேன்.
நிலைகள் அசைந்ததை, வீடு புகையால் நிறைந்ததை.
இங்கே எல்லோருக்கும் தெரிந்த புகை அது.
பிறகு அந்தக் கேள்வி வந்தது:
யார் போவார்?

எங்கள் ஊரில் போவது என்றால் சிட்னி, ஸ்டாக்ஹோம்.
தொள்ளாயிரம் பேர் இருந்த இடத்தில்
இன்று அறுபத்திரண்டு தலை.
என் அங்கிப் பையிலும் ஒரு விசா விண்ணப்பம்,
கையெழுத்து மட்டும் பாக்கி.
கிழித்தேன் என்று சொல்ல ஆசைதான்.
கிழிக்கவில்லை.

அவன் சொன்ன பதிலை வாசிக்கும்போது
உதடு இன்னும் எரிந்தது.
"இதோ நான்" என்று வந்தது குரல், கரகரத்து.
அவனுடையதா, என்னுடையதா, தெரியவில்லை.

ஷாபோ குறட்டைக் கரிச்சுவரில் சாய்த்துவிட்டு
பின்வரிசைப் பெஞ்சில்
சற்று நகர்ந்து உட்கார்ந்தான்.
பக்கத்தில் ஒரு ஆள் உட்காரலாம்.