என்ன கொட்டும்?

"உங்கள் மேசையில் என்ன கொட்டும்?"
என்றுதான் முதலில் கேட்டார்
கயானியில் பெயின்ட் கடை வைத்திருக்கும் வைனியோ.
மரம் என்ன என்பதை அப்புறம்தான் கேட்டார்.

காபி, என்றேன்.
பீட்ரூட் ஊறிய காடி.
சால்மன் சூப், அடுப்பிலிருந்து நேரே, இரும்புச் சட்டியோடு.
ஏழு வயது செல்யா, அவளுடைய வாட்டர்கலர்,
கோபம் வந்தால் அவள் குத்துகிற முள்கரண்டி.
எஸ்கோ பக்கத்தில் நின்று
தூரிகைகளின் மயிரை நீவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் சொல்லாமல் விட்டதை
அவனும் சொல்லவில்லை.

பிர்ச் மேசை. ஏலத்தில் நாற்பது யூரோ.
பழைய பூச்சைச் சுரண்டியதும்
உரித்த உருளைக்கிழங்கின் நிறத்தில் வெளியே வந்தது.
மைனஸ் பன்னிரண்டில் கொட்டகையில் எதுவும் காயாது.
சவுனாவின் உடைமாற்றும் அறைக்குள் தூக்கிவந்து
கவிழ்த்துப் போட்டோம்,
நாலு காலையும் தூக்கிக்கொண்டு கிடந்தது.

அடிப்பக்கத்தில் பென்சிலால் மூன்று சதுரம்.
முதலாவதில் ஆளிவிதை எண்ணெய்:
துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்,
தானே பற்றிக்கொள்ளும் என்றிருந்தார் வைனியோ.
வேலியில் விரித்தோம். விறைத்து அட்டையாகிவிட்டது.
இரண்டாவதில் பாலியூரிதேன்:
ஐஸுக்கு அடியில் தெரிகிற மீன் மாதிரி
மரம் உள்ளே தள்ளி நின்றது.
மூன்றாவதில் அரக்கு.
அழகென்றால் அதுதான் அழகு.
விளக்கை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் வெளிச்சம் வைத்திருந்தது.

பத்து நாள் விட்டுச் சோதனை.
கொதிக்கிற தம்ளர். காடி.
செல்யாவின் முள்கரண்டி, மூன்று சதுரத்துக்கும் சம நீதியாய்.
கடைசியில் நான் போய்
கார் கண்ணாடி கழுவும் திரவத்தை எடுத்துவந்தேன்.
வீட்டில் வேறு எந்தச் சாராயமும் இல்லை.
பதினோரு மாதமாக இல்லை.

மூடியில் ஊற்றி, வழியவிட்டு, ஒரு இரவு வைத்தேன்.
எண்ணெய் லேசாக மங்கியது.
பாலியூரிதேன் கண்டுகொள்ளவேயில்லை.
அரக்கு இளகி, பிசுபிசுத்து,
மூடியின் அளவில் வெள்ளையாய் ஒரு வளையம் விட்டது.
அரக்கு மெருகைச் செய்வதே சாராயத்தில் கரைத்துத்தானாம்.
வந்த வழியைக் கண்டதும் திரும்பிவிடுகிறது.

இதையே பூசுவோம், என்றேன்.

எஸ்கோவுக்குப் புரிய நேரமாகவில்லை.
"காட்டிக்கொடுக்கிற மேசையா வேண்டும் உனக்கு?"
ஆமாம்.
காலையில் எழுந்து வருவாய், பார்ப்பாய்,
நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது.

வளையத்தில் விரலை வைத்தான். ஒட்டியது.
"சூப் சட்டியும் இதே வளையத்தைத்தான் போடும்.
செல்யாவின் கோக்கோவும்.
தினமும் நான் குனிந்து நின்று
இது எதனுடையது, எதனுடையது என்று பார்க்கணுமா?
எனக்குக் காபி குடிக்க ஒரு மேசை போதும், ஐலி."

எனக்குக் கோபம்தான் வந்தது.
சவுனாவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.
ஆறிப்போன கற்கள். ஈர மரத்தின் வாடை.
வெளியே மேசையை நிமிர்த்தும் சத்தம்,
பிறகு உப்புத்தாள்.
தேய்ப்பான், நிறுத்துவான்,
ஊதுவான், மறுபடி தேய்ப்பான்.
அழைப்பான் என்று நினைத்தேன். அழைக்கவில்லை.
குளிர் தாங்காமல் நானாக எழுந்து வந்தபோது
இரண்டாவது தூரிகையை என் பக்கமாக வைத்திருந்தான்.

மூன்று கை பாலியூரிதேன்.
இரண்டாவது கையில்
செல்யாவின் முடி ஒன்று விழுந்து சிக்கிக்கொண்டது.
பிடுங்கினால் தழும்பாகும். விட்டுவிட்டோம்.

டப்பாவில் எழுதியிருக்கிறது:
மறுநாளே தொடலாம்.
முழுதாக இறுக முப்பது நாள்.
அதுவரை விரிப்புப் போட்டு மூட வேண்டாம்.

இன்று ஒன்பதாம் நாள்.
தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம்.
செல்யாவின் பென்சில் உருண்டு மேசைக்கடியில் போக
நான்தான் குனிந்தேன்.
மேலே அத்தனை தேய்த்தவன்
அடியில் அரக்குச் சதுரத்தைத் தொடவேயில்லை.
வளையம் அப்படியே இருக்கிறது.

தலை இடிக்காமல் வெளியே வந்து
பென்சிலைக் கொடுத்தேன்.