மூன்றாம் எண்

விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை, டானிட்சா.
இதற்குப் பொத்தானே கிடையாது.
முகம் முழுக்கத் துளைகள்.
தராசு, குளிர் அறையின் வெப்பமானி,
வாசல் கேமரா, சம்பளக் கணக்கு
எல்லாம் இங்கே வந்துதான் வாய் வைக்கும்.

இரவு பத்து நாற்பது.
புன்தா அரேனாஸின் காற்று
ஆலையின் தகரக் கூரையைப் பெயர்க்க
நாலாவது நாளாக முயன்றுகொண்டிருந்தது.
விடிந்தால் பருவம் தொடங்குகிறது.
முள் நண்டுகள் பெட்டி பெட்டியாய் இறங்கும்.

ஒன்றின் மேல் ஒன்றாக நாலு சுவிட்ச்.
இரண்டு ஏற்கெனவே இங்கிருந்தவை.
ஒன்று அட்டை வாசனை போகாத புதுசு.
ஒன்று ஜலசந்தியின் அக்கரையிலிருந்து,
போர்வெனீர் ஆலையை மூடியபோது
மேசை நாற்காலிகளோடு கப்பலேறி வந்தது.
அதே கப்பலில்தான் டானிட்சா குசானோவிச்சும் வந்தாள்,
நண்டு உடைக்கும் பதினெட்டுப் பெண்களோடு.

நாலும் சேர்ந்து ஒன்றாக வேண்டும்.
ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே கடவுச்சொல்.
"யார் தலைவர்?"
எடுத்த எடுப்பில் சரியான கேள்வி.
தேர்தல் நடக்கும் என்றேன்.
முன்னுரிமை எண் பெரிதாக உள்ளவர் ஜெயிப்பார்.
"எண்ணை யார் போடுவது?"
நான்தான்.
"அப்போ அது தேர்தல் இல்லை, ரெமொல்கோய்"
என்று மாத்தே குவளையை நீட்டினாள்.

புதுசுக்குப் பதினைந்து கொடுத்தேன்,
அடுத்ததற்குப் பதினாலு.
மின்சாரத்தை நிறுத்தி
முதுகுப் பக்கம் குட்டை வடங்களைச் செருகி
மேலிருந்து ஒவ்வொன்றாக எழுப்பினேன்.

பச்சை. பச்சை.
மூன்றாவதில் மஞ்சள்.

போர்வெனீர்க்காரி.
பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது.
அங்கே அது தலைவர். கீழே ஒரே ஒரு பெட்டி,
அடுத்த அலமாரியில், உப்பு தின்று செத்துப்போனது.
இங்கேயும் தன்னை ஒன்று என்றது.
மூன்று என்று திருத்தினேன்.
விழுந்து எழுந்தது. மறுபடி மஞ்சள்.
மென்பொருள் இரண்டு வயது பின்தங்கியிருந்தது.
அதே மொழிதான், இலக்கணம் பழசு.

தலைவரிடமிருந்து பிரதி ஓடத் தொடங்கியது.
பதினோரு நிமிடம் என்றது திரை.

டானிட்சா அதன் பக்கவாட்டைத் தடவினாள்.
ஒட்டுநாடாவில், நீல மையில், அவள் கையெழுத்து:
தொடாதே. அணைத்தால் குளிர் அறை பேசாது.
"இங்கே எங்களுக்குத் தனித் தாளில் ஆஜர் எடுக்கிறார்கள்," என்றாள்.
"எட்டு மாதமாகத் தனித் தாள்."
நான் என்ன சொல்ல.
விசிறிகளின் இரைச்சல் எனக்கு வசதியாக இருந்தது.

பச்சை.

ஆனால் வேலை முடியவில்லை.
இது இன்னும் சங்கிலி, வளையமல்ல.
நடுவில் ஒரு வடம் அறுந்தால்
கீழே உள்ளவை தங்களுக்கென்று ஒரு தலைவரை வைத்துக்கொள்ளும்.
இரு பக்கமும் அதே பெயர், அதே முகவரி.
ஒரே உறையில் இரண்டு கத்தி.
கடைசிப் பெட்டியை முதல் பெட்டியோடு கட்டினால் தீரும்.
என் கையிலிருந்த வடம் எட்டவில்லை,
நாலு விரல்கடை.

அவள் போய்த் தன் லாக்கரைத் திறந்து
ரப்பர் காலணிக்கு அடியிலிருந்து
சுருட்டிய கறுப்பு வடத்தைக் கொண்டுவந்தாள்.
"மூடுகிற அன்று கழற்றியது.
எதற்கென்று தெரியாது. விட்டுவர மனசில்லை."

ஒரு சொடுக்கு.
வளையம் முழுசு என்றது திரை.

சோதனைக்காகத் தலைவரின் மின்சாரத்தைப்
பிடுங்கச் சொன்னேன் அவளிடம்.
கை தயங்கவே இல்லை.
தராசின் எண் ஒருமுறை சிமிட்டிப்
பூஜ்ஜியத்தில் நின்றது.
குளிர் அறை: மைனஸ் இருபத்திரண்டு. பேசிக்கொண்டேயிருந்தது.
இரண்டாவது பெட்டி பொறுப்பேற்றிருந்தது.
புதுசு திரும்பி வந்தபோது,
கையில் பதினைந்து இருந்தும்,
நாற்காலியைக் கேட்கவில்லை.

காலை ஆறு மணிக்கு ஓல்மேதோ ஆஜர் எடுத்தார்.
தாள் இரண்டாகத்தான் இருந்தது.
இரண்டாவதில் கையெழுத்திட்டு
கையுறை மாட்டிக்கொண்டே கேட்டாள்:
"ராத்திரி செய்ததையெல்லாம் சேமித்தாயா?"

படிக்கட்டில் திரும்ப ஓடினேன்.