எத்தனை சொட்டு

ஆறு வருடமாக ஒரு குழாய் ஒழுகுகிறது,
சாட்ஸ்வர்த்தில் இல்லாத ஒரு சாட்ஸ்வர்த் வீட்டில்.
வீடு நிற்பது ஜேக்கப்ஸில், பழைய செருப்பு ஆலைக்குள்.
மூன்றே சுவர். நாலாவது இருக்க வேண்டிய இடத்தில்
கேமராக்கள், அவற்றின் காலடியில் தாளும் கையுமாக நான்.

"நாளைக்குப் பார்க்கிறேன்" என்பார் அப்பா.
முதல் அத்தியாயத்துக்கு முடிவு கிடைக்காமல்
இரவு இரண்டு மணிக்கு எழுதிய வரி அது.
அதிலேயே குடியேறிவிட்டோம்.
உம்பிலோ கோயிலில், தோளில் காவடியோடு
ஒருவர் நின்று பூபாலன் மூட்லியைக் கேட்டார்:
"குழாய் என்ன ஆச்சு?"
முருகன் காத்திருந்தார்.

இப்போது சேனல் இன்னும் மூன்று பருவம் கேட்கிறது.

விருந்தும் மருந்தும் மூணு நாள் என்கிறார் பூபாலன்.
நாம் ஆறு வருடம் உட்கார்ந்துவிட்டோம் ஊரார் கூடத்தில்.
எழுந்து போகும்போது
"அதுக்குள்ளயா?" என்று கேட்க வேண்டும்,
"அப்பாடா" என்று அல்ல.

அம்மாவாக நடிக்கும் தேவிகி
கைப்பையில் வங்கிக் காகிதம் வைத்திருக்கிறாள்.
வீட்டுக் கடன் தீர இன்னும் நாலு பருவம்.
வருடம் என்று அவள் சொல்வதில்லை.
"மரியாதையோட எழுந்து போறதுக்கு
உனக்கு ஒரு வீடு இருக்கு, பூபாலன்."

மகன் கிரிபாஷன் ஒன்றும் சொல்லவில்லை.
முதல் பருவத்தில் ஸ்டூல் போட்டுத்தான் குழாயைத் தொட்டான்.
இப்போது காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை மழிக்கிறார்கள்.
பள்ளிச் சீருடைக்குள் கார் சாவி குலுங்குகிறது.

என்னைக் கேட்டால்?
சிரிப்பு வற்றிய பருவத்தில் ஒரு கல்யாணம் வைத்தேன்.
மறுபடி வற்றியது, ஒரு நாயைக் கொண்டுவந்தேன்.
நேற்று நோட்டில் மிச்சமிருக்கும் நகைச்சுவைகளை எண்ணினேன்.
பதினொன்று.
அதில் நாலு மாமியாரைப் பற்றி.
ஒன்று ஏற்கெனவே சொன்னது.

ஆனால் சுவருக்குப் பின்னால் பெகானி செலே இருக்கிறார்.
ஒரு ரப்பர் குழல், ஒரு மருந்து ஊசி, ஒரு வாளி.
"சொட்டு" என்று நான் எழுதிய இடமெல்லாம்
ஒன்று விடுவது அவர்தான்.
வசனம் முடிந்ததும் விடமாட்டார்.
அரை நொடி பொறுப்பார்.
அந்த அரை நொடியை நான் எழுதியதில்லை,
நாடு சிரித்தது அதற்குத்தான்.
அவர் மகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் செவிலியர் படிப்பு,
மூன்றாம் ஆண்டு.
தினமும் காலையில் என் தாளை வாங்கிப் பார்த்துக் கேட்பார்:
"இன்று எத்தனை சொட்டு?"

கடைசி அத்தியாயத்தை எழுதி மூன்று வாரமாகிறது.
யாரிடமும் சொல்லவில்லை.
அப்பா ஸ்பேனரை எடுக்கிறார். நாலு பக்கம்.
சரியாகிவிடுகிறது.
அதன் பிறகு அந்தச் சமையலறையில்
யாருக்கும் பேச ஒன்றும் இல்லை.
நான் எழுதியதிலேயே நல்லது அதுதான்.
ஏழாம் பருவத்தின் முதல் அத்தியாயமும் எழுதிவிட்டேன்.
புதுச் சமையலறை, அதே குழாய்.
சுமார்தான்.
இரண்டும் பையில் இருந்தன
இன்று எல்லோரும் செட்டில் வட்டமாக உட்கார்ந்தபோது.

தயாரிப்பாளர் "சரி, கை தூக்குங்க" என்றார்.
மின்சாரம் போனது.
அட்டவணைப்படி நாலு மணிக்குப் போக வேண்டியது,
மூன்றே முக்காலுக்கே.
யார் கை தூக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இருட்டு. மெரிபேங்க் பக்கமிருந்து எண்ணெய் ஆலை வாடை.
தகரக் கூரைமேல் மழை தொடங்கும் சத்தம்.
அப்போது தொட்டியில்
ஒரு சொட்டு விழுந்தது.

"நான் இல்லை" என்றார் பெகானி,
எங்கள் நடுவிலிருந்து.

முதலில் சிரித்தது தேவிகி.
பிறகு கிரிபாஷன், உடைந்த குரலில்.
சிரிப்பு அடங்கி, அரை நொடி கழித்து
பூபாலன், பழக்கதோஷம்,
"நாளைக்குப் பார்க்கிறேன்."

விளக்கு வர இன்னும் இரண்டரை மணி நேரம்.
பைக்குள் கைவிட்டேன்.
இரண்டும் ஒரே கனம்.